செனட் கை மாறும் முன் வரும் நியமனங்கள்: பரிசீலனை எங்கே நடக்கிறது, எங்கே நழுவுகிறது

கேள்வி இது: அமெரிக்காவில் நவம்பர் தேர்தலில் செனட் பெரும்பான்மையை இழந்த கட்சி, ஜனவரி 3 வரை கையில் இருக்கும் நாட்களில் அதிபரின் நியமனங்களை வரிசையாக உறுதிசெய்துவிடுகிறது. அந்த அவசரத்தில் பரிசீலனை என்று ஏதாவது உண்டா, அல்லது எல்லாம் வெறும் தலையாட்டல்தானா?

பரிசீலனை நடக்கும் இடம் செனட்டின் துறைவாரிக் குழு. கடைசி வாரங்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அவையின், அதாவது முழு செனட்டின், வாக்கெடுப்பு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் "அவசரமாகத் தள்ளிவிட்டார்கள்" என்ற குற்றச்சாட்டு பல நேரம் தவறான ஆள் மீது விழுகிறது. உண்மையிலேயே அவசரத்தில் நழுவிய பரிசீலனைகளும் உண்டு. ஆனால் அவை பலரும் தேடும் இடத்தில் இல்லை. பழைய அதிபரின் கடைசி நியமனங்களைவிட, புதிய அதிபரின் முதல் நியமனங்களில்தான் அந்த ஆபத்து அதிகம் என்பது என் மதிப்பீடு.

இந்திய அரசியலை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே அமைச்சரை நியமிக்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் பெயரைக் கொலீஜியம் பரிந்துரைக்கிறது. அமெரிக்காவில் அரசியல் சட்டத்தின் 2ஆவது பிரிவு, அமைச்சர்கள், தூதர்கள், கூட்டாட்சி நீதிபதிகள், ஆணைய உறுப்பினர்கள் ஆகியோரை அதிபர் பரிந்துரைத்து, செனட்டின் ஆலோசனையும் ஒப்புதலும் பெற்றே நியமிக்க வேண்டும் என்கிறது. பிரதிநிதிகள் சபைக்கு இதில் பங்கில்லை. ஆகவே செனட் யார் கையில் இருக்கிறது என்பதே நியமனத்தின் விதியைத் தீர்மானிக்கிறது.

முதலில் நாட்காட்டி. 1933இல் நிறைவேறிய 20ஆவது திருத்தத்தின்படி புதிய காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) ஜனவரி 3 நண்பகலிலும் புதிய அதிபர் ஜனவரி 20 நண்பகலிலும் பொறுப்பேற்கிறார்கள். அதற்கு முன் இரண்டுமே மார்ச் 4தான். அந்த நீண்ட இடைவெளியைப் பயன்படுத்தித்தான் அதிபர் ஜான் ஆடம்ஸ், ஜெஃபர்சனிடம் தோற்ற பிறகு, 1801 பிப்ரவரி 13இல் வந்த சட்டம் உருவாக்கிய 16 புதிய நீதிபதி இடங்களை நிரப்பினார். "நள்ளிரவு நீதிபதிகள்" என்ற பெயர் அப்போது வந்தது. அந்தச் சட்டத்தை அடுத்த ஆண்டே புதிய பெரும்பான்மை ரத்து செய்தது. அதே நாட்களில் செனட் ஒப்புதல் கிடைத்தும் நியமனப் பத்திரம் கைக்கு வந்து சேராத வில்லியம் மார்பரி வழக்குத் தொடுத்தார். நாடாளுமன்றச் சட்டத்தையே நீதிமன்றம் செல்லாது என்று அறிவிக்கலாம் என்ற 1803 தீர்ப்பு அந்த வழக்கில் பிறந்ததுதான்.

இப்போது தேர்தலுக்கும் ஜனவரி 3க்கும் இடையே சுமார் எட்டு வாரம். 2024ஐ எடுத்தால் நவம்பர் 5 முதல் சரியாக 59 நாள். நன்றி நவிலல் நாள், கிறிஸ்துமஸ் விடுமுறை இரண்டையும் கழித்தால் செனட் உண்மையில் கூடுவது ஐந்து வாரம் இருந்தாலே பெரிது. அதிலும் அரசு நிதி மசோதாவும் பாதுகாப்புத் துறை மசோதாவும் இடம் கேட்கும்.

ஒரு மாவட்ட நீதிபதியின் பெயர் செனட்டுக்கு வந்த நாளிலிருந்து என்ன நடக்கிறது என்று பாருங்கள். அவர் நீதித்துறைக் குழுவின் நீண்ட வினாப்பட்டியலை நிரப்ப வேண்டும். எழுதிய கட்டுரைகள், ஆற்றிய உரைகள், நடத்திய முக்கிய வழக்குகள், வாங்கிய சம்பளம், சேர்ந்த சங்கங்கள் எல்லாம் அதில் வரும். எஃப்.பி.ஐ. பின்புல அறிக்கை தனியாகப் போகும். அது பொதுவெளிக்கு வராது. அவருடைய மாநிலத்தின் இரண்டு செனட்டர்களும் "நீலச் சீட்டு" எனப்படும் ஒப்புதல் தாளைத் திருப்பி அனுப்ப வேண்டும். காகிதங்கள் வந்து ஏறத்தாழ 28 நாள் கழித்துத்தான் விசாரணை, அதாவது குழு அவரை நேரில் கேள்வி கேட்கும் அமர்வு, வைப்பது வழக்கம். குழுவின் ஊழியர்கள் எல்லாவற்றையும் படிக்க அந்த அவகாசம். விசாரணை ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். ஆனால் அதற்குப் பின் உறுப்பினர்கள் எழுத்தில் கேள்வி அனுப்புவார்கள், பதில் எழுத்தில் வர வேண்டும். பிறகு குழுவின் நிகழ்ச்சி நிரலில் பெயர் ஏறும். முதல் முறை ஏறும்போது எந்த உறுப்பினரும் ஒரு வாரம் தள்ளிவைக்கக் கேட்கலாம்; ஏறக்குறைய எப்போதும் கேட்கிறார்கள். அடுத்த வாரம்தான் வாக்கெடுப்பு. அப்போதும் குழு உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் அறையில் நேரில் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் அந்தப் பரிந்துரை செல்லாது.

கூட்டிப் பார்த்தால் குழுவைத் தாண்டவே ஏழெட்டு வாரம் ஆகிறது. ஆகவே அக்டோபருக்குள் விசாரணையை முடிக்காத ஒரு நீதிபதி, வழக்கமான வேகத்தில் போனால், ஜனவரி 3க்குள் உறுதியாக வாய்ப்பு மிகக் குறைவு. டிசம்பரில் உறுதிசெய்யப்படும் நீதிபதிகளில் பெரும்பாலோர் கோடையிலேயே கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு அவையின் பட்டியலில் காத்துக் கிடந்தவர்கள்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு விவேக் மூர்த்தி. 2013 நவம்பரில் ஒபாமா அவரை நாட்டின் தலைமை மருத்துவர் பதவிக்குப் பரிந்துரைத்தார். 2014 பிப்ரவரி 4இல் குழு விசாரணை நடந்தது, அந்த மாதமே குழு ஒப்புதலும் கிடைத்தது. துப்பாக்கி வன்முறையைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று அவர் சொன்னதைத் தேசியத் துப்பாக்கிச் சங்கம் எதிர்த்தது. தேர்தல் ஆண்டில் பல ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களே தயங்கினார்கள். நவம்பரில் கட்சி செனட்டை இழந்த பிறகு, டிசம்பர் 15இல் 51-43 என்று அவர் உறுதியானார். செய்திகளில் இது கடைசி நேரத் தள்ளலாக வந்தது. ஆனால் பரிசீலனை முடிந்து ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. தாமதமானது வாக்கெடுப்பு மட்டும்.

அதே ஆண்டில் இதற்கு நேர் எதிரான ஒன்றும் நடந்தது. தேர்தல் முடிந்து நான்கே நாளில், நவம்பர் 8இல், லொரெட்டா லின்ச்சை அட்டர்னி ஜெனரலாக ஒபாமா அறிவித்தார். செனட்டின் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட் நினைத்திருந்தால் அந்த எட்டு வாரத்துக்குள் அவரை நெருக்கிப் பிடித்து முடித்திருக்கலாம். சாதாரணப் பெரும்பான்மை போதும், அது கையில் இருந்தது. ஆனால் அந்த நேரத்தைக் காத்திருந்த நீதிபதிகளுக்கும் மற்றவர்களுக்கும் ஒதுக்கிவிட்டு, லின்ச்சைப் புதிய செனட்டுக்கு விட்டார்கள். 2015 ஜனவரி 28இல் குடியரசுக் கட்சியின் சக் கிராஸ்லி தலைமையில் விசாரணை. பிப்ரவரி 26இல் குழு 12-8 என்று ஒப்புதல் தந்தது. பிறகு தொடர்பே இல்லாத ஓர் ஆள்கடத்தல் தடுப்பு மசோதாவின் கருக்கலைப்பு வாசகத்தில் அவை சிக்கிக்கொள்ள, வாக்கெடுப்பு 56 நாள் தள்ளிப்போனது. ஏப்ரல் 23இல் 56-43. அறிவித்த நாளிலிருந்து 166 நாள். இந்த இரண்டு பேரின் தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கட்சி மாறிய பிறகு நடந்த பரிசீலனை தானாகவே ஆழமானது என்றும் சொல்ல முடியாது என்பது தெரியும். லின்ச் விஷயத்தில் குழு தன் வேலையை ஒரு மாதத்தில் முடித்தது. மீதி நாட்கள் பேரத்துக்குப் போனவை.

இனி அவையின் கடிகாரம். இது புரியாமல் லேம் டக் காலம் எனப்படும் இந்த இடைக்காலத்தில் நடக்கும் எதுவும் புரியாது.

விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக "குளோச்சர்" மனு வேண்டும். 16 செனட்டர்கள் கையெழுத்திட வேண்டும். மனு போட்ட நாளுக்கும் அதன் மீதான வாக்கெடுப்புக்கும் இடையே ஒரு நாள் கழிய வேண்டும். முன்பு இதற்கு 60 வாக்கு தேவைப்பட்டது. 2013 நவம்பர் 21இல் ஜனநாயகக் கட்சி, உச்ச நீதிமன்றம் தவிர்த்த எல்லா நியமனங்களுக்கும் அதைச் சாதாரணப் பெரும்பான்மையாக்கியது. 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த நீல் கோர்சச்சுக்காகக் குடியரசுக் கட்சி உச்ச நீதிமன்றத்தையும் சேர்த்துக்கொண்டது. குளோச்சர் நிறைவேறிய பிறகும் 30 மணி நேரம் விவாதத்துக்கு உண்டு. 2019 ஏப்ரலில் அதை மாவட்ட நீதிபதிகளுக்கும் அமைச்சர் நிலைக்குக் கீழே உள்ள பதவிகளுக்கும் 2 மணி நேரமாகக் குறைத்தார்கள். மேல்முறையீட்டு நீதிபதிக்கும் அமைச்சருக்கும் 30 மணி அப்படியே இருக்கிறது.

இந்த 30க்கும் 2க்கும் உள்ள வித்தியாசம்தான் கடைசி வாரங்களின் பேரத்தையே தீர்மானிக்கிறது. எதிர்க்கட்சி வீம்பு பிடித்தால் ஒரு மேல்முறையீட்டு நீதிபதி ஒன்றேகால் நாளை விழுங்குவார். அந்த நேரத்தில் பல மாவட்ட நீதிபதிகளை முடித்துவிடலாம். சிறுபான்மைக் கட்சியின் கையில் மிச்சமிருக்கும் ஒரே ஆயுதம் நேரம். 60 வாக்குத் தடை போன பிறகு, அவர்களால் ஒரு நியமனத்தைத் தோற்கடிக்க முடியாது. ஆனால் ஒவ்வொன்றையும் மெதுவாக்க முடியும்.

2024 நவம்பர் 18 இரவு இதை வெளிப்படையாகக் காட்டியது. ஒரு பெயர் மீது குளோச்சர் மனு போட வேண்டுமென்றால், அவை முதலில் சட்டமியற்றும் அமர்வுக்குத் திரும்பி, பிறகு அந்தக் குறிப்பிட்ட பெயருக்காக நிர்வாக அமர்வுக்குள் நுழைய வேண்டும். சாதாரண நாளில் இந்த இரண்டு தீர்மானமும் குரல் வாக்கில் சில நொடியில் முடியும். அன்று ஜான் தூன் தலைமையில் குடியரசுக் கட்சியினர் ஒவ்வொன்றுக்கும் பெயர் கூப்பிட்டு வாக்கெடுக்கக் கேட்டார்கள். பெரும்பான்மைத் தலைவர் சக் ஷூமர் அடுத்தடுத்த பெயர்களை எடுக்க எடுக்க, ஒரு பெயருக்கு இரண்டு வாக்கெடுப்பு, ஒவ்வொன்றும் கால் மணிக்கு மேல். இரவு வெகுநேரம் வரை அவை அதையே செய்துகொண்டிருந்தது. ஆனால் நேரத்தை இழுப்பவர்களும் அவையில் இருந்தாக வேண்டும். அன்றே எம்ப்ரி கிட் 11ஆவது மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 49-45 என்று உறுதியானார். அதாவது 100 செனட்டர்களில் ஆறு பேர் அவையில் இல்லை.

சில நாளில் பேரம் படிந்தது. நான்கு மேல்முறையீட்டு நியமனங்களை ஷூமர் எடுக்க மாட்டார். பதிலாக ஒரு டஜனுக்கு மேற்பட்ட மாவட்ட நீதிபதிகளுக்குத் தடையின்றி வாக்கெடுப்பு. கைவிடப்பட்டவர்களில் 3ஆவது மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்த அதீல் மாங்கியும் ஒருவர். உறுதியாகியிருந்தால் அந்த நிலையில் அமெரிக்காவின் முதல் முஸ்லிம் நீதிபதி அவர். அந்த நான்கு பேருக்கும் எப்படியும் வாக்கு போதாது என்று ஷூமர் தரப்பு சொன்னது. டிசம்பர் 20இல் கலிபோர்னியாவின் இரண்டு நீதிபதிகளோடு பைடனின் கணக்கு 235இல் நின்றது, ட்ரம்ப்பின் முதல் பதவிக்காலத்தைவிட ஒன்று கூடுதல். 235 என்ற எண்ணைத் தலைப்பாக்கியவர்கள் நிறையப் பேர். எனக்கு அதைவிட அந்த நான்கு இடங்கள்தான் பெரிதாகப் படுகின்றன. மாவட்ட நீதிபதியின் தீர்ப்பை மாற்றும் அதிகாரம் மேல்முறையீட்டு நீதிபதிக்கு. அவர்களும் ஆயுள் முழுக்க இருப்பவர்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் ட்ரம்ப் பரிந்துரைத்த எமில் போவ் 50-49 என்று அதே 3ஆவது நீதிமன்றத்துக்குப் போனார்.

நேரம் கையில் இருந்தும் எண்ணிக்கை இல்லாமல் சரிந்த நியமனங்களும் உண்டு. பெரும்பான்மை குறுகியதாக இருக்கும்போது யார் ஊரில் இருக்கிறார், யாருக்குக் காய்ச்சல், யார் என்றைக்குப் பதவியேற்கிறார் என்பதெல்லாம் முடிவை மாற்றும். 2020 நவம்பர் 17இல் ஃபெடரல் ரிசர்வ் வாரியத்துக்கு ஜூடி ஷெல்டன் பெயர் வந்தபோது, குடியரசுக் கட்சியின் கிராஸ்லியும் ரிக் ஸ்காட்டும் கொரோனா தனிமையில் இருந்தார்கள். கமலா ஹாரிஸ் எதிர்த்து வாக்களிக்கத் திரும்பி வந்தார். குளோச்சர் 47-50 என்று தோற்றது. அந்த 50இல் ஒன்று குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானலின் வாக்கு. தோற்ற தீர்மானத்தை மறுபரிசீலனைக்குக் கொண்டுவர, வென்ற பக்கத்தில் வாக்களித்தவரால்தான் முடியும் என்பதால் கடைசியில் அவர் தன் வாக்கை மாற்றிக்கொண்டார். ஆனால் டிசம்பர் 2இல் அரிசோனா இடைத்தேர்தலில் வென்ற ஜனநாயகக் கட்சியின் மார்க் கெல்லி பதவியேற்றார். கணக்கு மேலும் இறுகியது, ஷெல்டன் திரும்ப வரவே இல்லை. அதே வாரியத்துக்குப் பெயர் வந்திருந்த கிறிஸ்டபர் வாலர் அடுத்த நாளே 48-47 என்று தப்பினார்.

2024 டிசம்பர் 11இல் லாரன் மெக்ஃபெரன் மறுநியமனமும் இப்படித்தான். தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தில் ஜனநாயகக் கட்சியின் பெரும்பான்மை 2026 வரை நீடிக்குமா என்பது அந்த ஒரு வாக்கில் இருந்தது. சுயேச்சைகளாக மாறியிருந்த ஜோ மான்ச்சினும் கிர்ஸ்டன் சினிமாவும் எதிர்த்தார்கள், 49-50. அவருடைய பதவிக்காலம் ஐந்து நாளில் முடிந்தது. தன் கட்சி செனட்டர்கள் தேர்தலுக்குப் பிறகும் தன்னோடு இருப்பார்கள் என்று எந்த அதிபரும் கணக்குப் போட முடியாது. ஓய்வு பெறுகிறவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

2006இல் ஒரே வாரத்தில் இதன் இரண்டு முகமும் தெரிந்தன. நவம்பர் 7 தேர்தலில் குடியரசுக் கட்சி செனட்டை இழந்தது. மறுநாள் புஷ், ரம்ஸ்ஃபெல்டுக்குப் பதிலாக ராபர்ட் கேட்ஸைப் பாதுகாப்பு அமைச்சராக அறிவித்தார். அதற்கடுத்த நாள் ஐ.நா. தூதர் ஜான் போல்டன் பெயரை மீண்டும் செனட்டுக்கு அனுப்பினார். போல்டன் 2005 ஆகஸ்டில் செனட் விடுமுறையில் இருந்தபோது ஒப்புதல் இல்லாமல் நியமிக்கப்பட்டவர். அந்தக் கூட்டத்தொடர் முடிந்தால் அவர் பதவியும் முடியும். வெளியுறவுக் குழுவில் குடியரசுக் கட்சிக்கு 10, எதிர்த்தரப்புக்கு 8. தேர்தலில் தோற்றிருந்த லிங்கன் சேஃபி ஆதரிக்க மாட்டேன் என்றதும் அது 9-9 ஆனது. சமநிலையில் பெயர் குழுவைத் தாண்டாது. டிசம்பர் 4இல் போல்டன் விலகல் அறிவிப்பு வந்தது. அதற்கு மறுநாள் கேட்ஸ் விசாரணை. ஈராக்கில் நாம் இப்போது வென்றுகொண்டிருக்கிறோமா என்று எதிர்க்கட்சியின் கார்ல் லெவின் கேட்டார். இல்லை என்று கேட்ஸ் சொன்னார். டிசம்பர் 6இல் 95-2.

அறிவிப்பிலிருந்து வாக்கெடுப்புவரை 28 நாள்தான். வேகமாக நடந்ததால் பரிசீலனை மெலிந்தது என்று கேட்ஸ் விஷயத்தில் சொல்ல முடியாது. இன்னும் ஒரு மாதத்தில் குழுத் தலைவர் ஆகப்போகும் லெவின்தான் அன்று எதிர்வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார். கேட்கப்படும் கேள்விக்குப் பின்னால் நாளைய அதிகாரம் இருந்தது. இந்த ஓர் அம்சத்தை லேம் டக் விவாதங்களில் யாரும் பேசுவதில்லை. கை மாறப்போவது உறுதியானால், சிறுபான்மையின் கேள்விக்கு எடை கூடுகிறது. அவர்களோடு ஒத்துப்போகும் நியமனம் சீக்கிரம் முடிகிறது. 1980இலும் அதுவே. கார்ட்டர் தோற்று, ஜனநாயகக் கட்சி செனட்டையும் இழந்த பிறகு, நவம்பர் 13இல் ஸ்டீஃபன் பிரேயர் பெயர் முதல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. அடுத்து நீதித்துறைக் குழுத் தலைவராக வரவிருந்த ஸ்ட்ரோம் தர்மண்ட் தடுக்கவில்லை. டிசம்பர் 9இல் 80-10. பின்னாளில் உச்ச நீதிமன்றம்வரை போனவர் அந்த பிரேயர்.

இப்போது முதலில் சொன்ன ஆபத்துக்கு வருகிறேன். புதிய அதிபரின் அமைச்சர்கள் ஜனவரி 20 மாலையே நாற்காலியில் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு உண்டு. அதற்காக, அவர் இன்னும் அதிபரே ஆகாத நிலையில், முறையான பரிந்துரைக் கடிதம் வரும் முன்பே ஜனவரி முதல் வாரங்களில் குழுக்கள் விசாரணை நடத்துகின்றன. நீதிபதிக்கு இருக்கும் 28 நாள் அவகாசம் இவர்களுக்கு இல்லை. அமைச்சராக வருபவர் சொத்து, வருமானம், கடன், பங்குகள் எல்லாம் காட்டும் நிதி வெளிப்படுத்தல் படிவத்தை நிரப்ப வேண்டும். அரசு நெறிமுறை அலுவலகம் அதைச் சரிபார்த்து, எந்தப் பங்கை விற்க வேண்டும், எந்தப் பொறுப்பை விட வேண்டும் என்று எழுத்தில் உடன்பாடு செய்யும். 1978 சட்டத்தின் ஏற்பாடு இது. பெரும் செல்வந்தர்களுக்கு இந்த வேலை வாரக்கணக்கில் இழுக்கும்.

2017 ஜனவரியில், விசாரணைத் தேதி குறித்த சிலருக்கு இந்தச் சரிபார்ப்பு முடியவில்லை என்று அந்த அலுவலகத்தின் இயக்குநர் வால்டர் ஷௌப் எழுத்துமூலம் எச்சரித்தார். பெட்ஸி டிவோஸ் விசாரணை ஜனவரி 11இலிருந்து 17க்குத் தள்ளிப்போனது. கடைசியில் பிப்ரவரி 7இல் 50-50 ஆகி, துணை அதிபரின் வாக்கில் அவர் கல்வி அமைச்சரானார். அமைச்சர் நியமனம் ஒன்றில் துணை அதிபர் சமநிலையை உடைத்தது அதுவே முதல் முறை.

அப்போது ஷூமர் ஒரு கடிதம் அனுப்பினார். எஃப்.பி.ஐ. அறிக்கை முடிந்திருக்க வேண்டும், நெறிமுறை அலுவலகத்தின் கடிதம் வந்திருக்க வேண்டும், நிதிப் படிவமும் வினாப்பட்டியலும் விசாரணைக்கு முன்பே குழுவுக்குப் போயிருக்க வேண்டும் என்று நிபந்தனைகள். அது 2009 பிப்ரவரியில் மெக்கானல் ரீடுக்கு எழுதிய கடிதமேதான். பெயர்களை மட்டும் அடித்து மாற்றியிருந்தார். அரசியல் சீண்டலாக அதை எடுத்துக்கொண்டவர்கள் பலர். நான் அதைத் தரச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு கட்சியும் எதிர்வரிசையில் இருந்து ஒரே பட்டியலைக் கேட்டிருக்கின்றன என்றால், நியாயமான பரிசீலனை என்ன என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

செனட் ஜனவரி 3இல் ஒரு கட்சியிடமும் 20இல் இன்னொரு கட்சியிடமும் இருந்த ஆண்டுகள் இன்னும் நுட்பமானவை. 2001இல் 50-50. 20ஆம் தேதி நண்பகல்வரை துணை அதிபர் அல் கோர் என்பதால் 17 நாள் மட்டும் ஜனநாயகக் கட்சி பெரும்பான்மை, குழுத் தலைமை எல்லாம் அவர்களிடம். ஆகவே புஷ்ஷின் அட்டர்னி ஜெனரல் ஜான் ஆஷ்கிராஃப்ட் விசாரணையை நடத்தியது எதிர்க்கட்சியின் பேட்ரிக் லேஹி. குழு வாக்கெடுப்பை நடத்தியது குடியரசுக் கட்சியின் ஓரின் ஹாட்ச். பிப்ரவரி 1இல் 58-42. 2021இல் இது தலைகீழ். ஜார்ஜியாவின் இரு உறுப்பினர்கள் ஜனவரி 20இல் பதவியேற்றதும் அவை 50-50 ஆனது, ஆனால் அதிகாரப் பகிர்வுத் தீர்மானம் பிப்ரவரி 3 வரை வரவில்லை. அதுவரை குழுத் தலைவர்கள் பழையவர்களே. நீதித்துறைக் குழுவில் லிண்ட்சே கிரஹாம், பைடனின் அட்டர்னி ஜெனரல் மெரிக் கார்லண்ட் விசாரணையை பிப்ரவரி 8இல் வைக்க மறுத்தார். அது 22க்குப் போனது, மார்ச் 10இல் 70-30 என்று அவர் உறுதியானார். பெரும்பான்மை என்பது எண்ணிக்கையில் மாறினாலும், தீர்மானம் நிறைவேறும்வரை குழுவின் சாவி கை மாறாது.

ஜனவரி 3க்குள் முடியாத பெயர்கள் என்னாகும்? செனட்டின் 31ஆவது விதிப்படி எல்லாம் அதிபருக்கே திரும்பும். புதிய செனட்டில் தொடர வேண்டுமென்றால் மீண்டும் அனுப்ப வேண்டும். முன்பு நடந்த விசாரணையை ஏற்பதா, புதிதாக வைப்பதா என்பது புதிய குழுத் தலைவரின் விருப்பம். 2001 மே மாதம் ஜேம்ஸ் ஜெஃபர்ட்ஸ் குடியரசுக் கட்சியை விட்டு விலகியதில், கூட்டத்தொடரின் நடுவிலேயே செனட் கை மாறியது. அப்போது டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் பெயர் வந்திருந்த ஜான் ராபர்ட்ஸுக்கு அந்தக் காங்கிரஸ் முடியும்வரை விசாரணையே கிடைக்கவில்லை. 2003இல் மறுபடி அனுப்பி அந்த மே மாதம் உறுதியானார். இன்று அவர் தலைமை நீதிபதி. எந்த வாக்கெடுப்பிலும் தோற்காமல், யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை பதிவு செய்யாமல், ஒரு பெயரை இரண்டு ஆண்டு நிறுத்திவைக்கலாம். பரிசீலனை என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய பங்கம் இல்லை. அவசரத்தைக் குறை சொல்வோர் இந்த மௌனத்தையும் சேர்த்துக் குறை சொல்ல வேண்டும்.

2025இலிருந்து இன்னொரு மாற்றம். அமைச்சர் நிலைக்குக் கீழே உள்ள நியமனங்களை ஒரே வாக்கில் கட்டாக உறுதிசெய்யும் வழியைக் குடியரசுக் கட்சி கொண்டுவந்தது. செப்டம்பர் 18இல் 48 பேர், அக்டோபர் 7இல் 107 பேர். நீதிபதிகளும் அமைச்சர்களும் இதில் வரமாட்டார்கள். ஆனால் மற்ற பதவிகளுக்கு, அவையின் கடிகாரத்தை வைத்துச் சிறுபான்மை நடத்திய தாமதப் போர் முடிந்துவிட்டது. அடுத்த முறை செனட் கை மாறும் முன் நூற்றுக்கணக்கான பெயர்கள் ஒரு மதியத்தில் போகலாம். குழுவில் என்ன கேட்டார்கள் என்பது மட்டுமே அப்போது மிச்சமிருக்கும் பரிசீலனை.

ஆகவே குறிப்பிட்ட ஒரு நியமனம் அவசரமாகத் தள்ளப்பட்டதா என்று அறிய, காங்கிரஸின் இணையதளத்தில் அந்தப் பெயரைத் தேடி நான்கு தேதியைப் பாருங்கள்: செனட்டுக்கு வந்த நாள், விசாரணை நாள், குழு ஒப்புதல் நாள், அவை வாக்கெடுப்பு நாள். முதல் மூன்றுக்கும் இடையே வாரங்கள் இருந்து, கடைசி மட்டும் டிசம்பரில் இருந்தால் அது காத்திருந்த நியமனம். முதல் இரண்டுக்கும் இடையே நாட்களே இருந்தால் அங்கே சந்தேகப்படலாம். எழுத்துக் கேள்விகளுக்கான பதில்களைக் குழு தன் தளத்தில் வெளியிடும். "எனக்கு நினைவில்லை", "வழக்கு வரக்கூடும், கருத்துச் சொல்ல இயலாது" என்று பக்கம் பக்கமாக இருக்கிறதா என்று அதில் பார்க்கலாம்.

நீதிபதிகள் விஷயத்தில் ஐந்தாவதாக ஒரு தேதியும் உண்டு: இடம் உண்மையில் காலியாகும் நாள். பலர் "எனக்குப் பின் ஒருவர் உறுதியான அன்று முழுநேரப் பணியிலிருந்து விலகுகிறேன்" என்றே எழுதிக்கொடுக்கிறார்கள். அப்படி எழுதியவர் மனம் மாறினால் தடுக்க எதுவும் இல்லை. 2024 தேர்தலுக்குப் பிறகு மாவட்ட நீதிபதிகள் இருவர் இப்படித் திரும்பப் பெற்றார்கள். டிசம்பரில் 4ஆவது மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ஜேம்ஸ் வின்னும் பைடனுக்கு எழுதி, பணியில் தொடர்வதாகச் சொல்லிவிட்டார். பேரத்தில் விட்டுக்கொடுத்த நான்கு இடங்களில் ஒன்று அவருடையது. செனட்டில் அதன் மீது வாக்கே நடக்கவில்லை, அந்த இடம் காலியாகவும் இல்லை.